தண்ணி புகாத பெட்டி

கொஞ்சம் தள்ளி உட்காருங்க அண்ணாச்சி. இந்தப் பையை மடியிலேயே வச்சுக்கிடுதேன், கீழ வச்சா மிதிச்சிருவாங்க. நீங்க கடைசி வரைக்கும் போறீங்களா? நான் அதுக்கு முன்னாலயே, ஆயர் இல்லம் ஸ்டாப்புல இறங்கிருவேன்.

ஆமா, ஆயரைப் பார்க்கத்தான், எங்க பிஷப்பை. ஒரு வழக்கு. கோர்ட்டு வழக்கு இல்லை, கோயில் வழக்கு. எதிர்க்கட்சி யாருன்னு கேட்டா சிரிப்பீங்க. அந்தா, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டுல நீலச் சேலை கட்டி, ஜன்னல் கம்பியில தலையைச் சாய்ச்சுக்கிட்டு ஒருத்தி இருக்கால்லா, அவதான். என் வீட்டுக்காரி சலேத்மேரி. ஒருத்தர் மேல ஒருத்தர் பிராது குடுக்க ஒரே பஸ்ஸுல போறோம். அவளுக்கு ஜன்னல் சீட்டு பிடிச்சுக் குடுத்ததும் நான்தான். எதிரியா இருந்தாலும் நிக்க வைக்க முடியுமா, சொல்லுங்க.

விஷயம் ஒண்ணும் பெருசில்லை. எங்க மக கல்லறையைத் திறக்கணும்னு அவ சொல்லுதா. திறக்கக் கூடாதுன்னு நான் சொல்லுதேன். அவ்வளவுதான். ஆனா அது சாதாரணக் கல்லறை இல்லை அண்ணாச்சி. பெட்டியும் நான் செஞ்சது, அதைச் சுத்தி உள்ள தொட்டியும் நான் செஞ்சது. டிசைன் என்னோடது.

என் பேரு வியாகப்பன். பெட்டி செய்யுதேன். டிரங்குப் பெட்டி இல்லை, சவப்பெட்டி. ஏன் அந்தப் பக்கம் நகருதீங்க, எங்கிட்ட ஒட்டுற வியாதி ஒண்ணும் கிடையாது. பழகிப் போச்சு எனக்கு. கல்யாணத்துக்குப் போறவன் எதிர்ல என்னைப் பார்த்தா வீட்டுக்குத் திரும்பிப் போய்த் தண்ணி குடிச்சுட்டு வாரான். கடையில வாங்கிட்டுப் போறவங்ககிட்ட “மறுபடியும் வாங்க”ன்னு சொல்ல முடியாத ஒரே தொழில் இதுதான்.

ராயப்பபுரம் தெரியுமா? கால்வாய்க்கும் குளத்துக்கும் நடுவுல உள்ள ஊரு. எங்க தோண்டினாலும் மூணு அடியில தண்ணி. வாழைக்கு நல்லது, கல்லறைக்கு ஆகாது. அப்ப எல்லாம் பெட்டின்னா நாலு பலகை, ஒரு மூடி, மேல ஒரு சிலுவை. மாம்பலகையில கறுப்புத் துணியை இழுத்து ஆணி அடிச்சா முடிஞ்சுது. ரெண்டு மழைக்குத் தாங்காது. தாங்க வேண்டாம்னுதான் அந்தக் காலத்து ஆளுக நினைச்சாங்க.

அதுக்குக் காரணம் இருக்கு. எங்க கல்லறைத் தோட்டம் கையகலம். ஒரு குடும்பத்துக்கு ஒரு குழி, அதுக்கு மேல இடம் கிடையாது. தாத்தா போன குழியில அப்பன் போவான், அப்பன் போன குழியில மகன் போவான். அடுத்த ஆளு போறப்ப திறந்தா பெட்டி மண்ணாப் போயிருக்கும், எலும்பு மட்டும் கிடக்கும். அதைப் பொறுக்கிக் கழுவி, புது வெள்ளைத் துணியில பை தைச்சு, உள்ள போட்டுக் கட்டி, புதுசாப் போறவங்க பெட்டிக்குள்ள வைப்பாங்க. எங்க வைக்கிறதுங்கிறதுக்கும் ஒரு முறை இருக்கு. அப்பன் ஆத்தான்னா தலைமாட்டுல. புருஷன் பொண்டாட்டின்னா வலது கைப் பக்கம். பிள்ளைன்னா நெஞ்சு மேல. எங்க ஊர்ல வயசானவங்க “எனக்கு இடம் இருக்கு”ன்னு சொன்னா, வீடு வாசலைச் சொல்லதில்லை, இதைத்தான் சொல்லுதாங்க.

எனக்கு அந்த வழக்கமே பிடிக்காது. மனுஷனை மூட்டையாக் கட்டி வைக்கதுக்கு அவன் என்ன ரேஷன் அரிசியா? ஊருக்கு அது ஆறுதல், எனக்கு அது வேலையில குறை. பெட்டி ஒழுங்கா இருந்தா எலும்பு ஏன் வெளிய வருது? நான் தொழிலுக்கு வந்த அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், தண்ணி புகாத பெட்டி ஒண்ணு செய்யாம விடுததில்லைன்னு.

மாடல் ஒண்ணு, கீல், அதான் தாரு, பூசின பெட்டி. உள்ளயும் வெளியிலயும் ரெண்டு கோட்டு. தண்ணி நின்னுது, ஆனா நாத்தம் நிக்கலை. புது ரோடு போட்ட மாதிரி வீடெல்லாம் வீசும். சொந்தக்காரங்க மூக்கைப் பொத்திக்கிட்டுக் கடைசி முத்தம் குடுத்தாங்க. சவத்தை விடுங்க, முதல் மாடல்னா அப்படித்தான் இருக்கும்.

மாடல் ரெண்டுதான் நல்ல சரக்கு. கடற்கரை ஊருக்கு ஒரு பெட்டி கொண்டு போயிருந்தேன். அங்க மீன்பிடி வள்ளத்துக்கு பைபர் போட்டுக்கிட்டு இருந்தாங்க. சாக்கு மாதிரி ஒண்ணை விரிச்சு, பசை மாதிரி ஒண்ணைத் தடவிக் காய விட்டா, கல்லு. உப்புத் தண்ணியே ஒண்ணும் செய்யாதுன்னா எங்க குளத்துத் தண்ணி என்னத்தைச் செஞ்சிரும்? கூட நின்னு கத்துக்கிட்டு வந்துட்டேன். மூடிக்கு ஃபிரிட்ஜ் கதவு ரப்பர். பழைய சாமான் கடையில கழட்டிட்டு வருவேன். மூடினா ‘சப்’புன்னு பிடிச்சுக்கிடும், பொறவு கடப்பாரை போட்டாத்தான் வரும்.

அதுல முதல்ல போனவர் ஞானாதிக்கம் வாத்தியார். ஐப்பசி மாசம். அடக்கம் முடிஞ்ச மறுநாள் மழை பிடிச்சுது பாருங்க, குளம் மறுகால் பாய்ஞ்சு கல்லறைத் தோட்டத்துக்குள்ள வந்துட்டு. விடிஞ்சு பார்த்தா வாத்தியார் மேல இருக்காரு. பெட்டியோட. மண்ணைத் தள்ளி, நட்டு வச்ச சிலுவையைச் சாய்ச்சுட்டு, தண்ணியில லேசா ஆடிக்கிட்டு நிக்காரு. பால்காரன் சைக்கிளைப் போட்டுட்டு ஓடினான். உயிர்த்தெழுறதுலயும் வாத்தியார் பெல் அடிக்க முன்னாலயே வந்துட்டாருன்னு ஒரு பய சொன்னான். அவர்கிட்ட அடி வாங்கினவனா இருக்கும்.

நான் போய்ப் பார்த்தேன். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஒரு சொட்டு தண்ணி உள்ள போகலை. போயிருந்தா மிதக்குமா? நீங்களே சொல்லுங்க. அதைத்தான் அவர் மகன்கிட்டயும் சொன்னேன், தம்பி, அப்பா காய்ஞ்சு சுத்தமா இருக்காருன்னு. அவன் என்னை அடிக்க வந்துட்டான். ஒரு சாமானோட தரத்தை எடுத்துச் சொன்னா அடிக்க வார ஊரு.

மாடல் மூணுல அந்தக் குறையைச் சரி பண்ணினேன். அடியில கருங்கல் பலகை. மிதக்காது. ஆனா தூக்கவும் முடியாது. கோயில் வாசல்லேர்ந்து தோட்டம் வரைக்கும் எட்டுப் பேரு தூக்கி, மாத்தி மாத்தித் தோள் குடுத்து, செத்தவருக்கு அழுதது போக மீதி என்னைத் திட்டித் தீர்த்தாங்க. இடுப்பு பிடிச்சுக்கிட்டவரு ஒருத்தர் இன்னும் என் கடைப் பக்கம் வாரதில்லை. அவரும் ஒரு நாள் வந்துதானே ஆகணும், நான் அவசரப்படலை.

அப்பதான் எனக்கு புத்தியில பட்டுது, கனத்தைப் பெட்டியில வைக்கக் கூடாது, குழியில வைக்கணும்னு. பெட்டி லேசா இருக்கணும். குழிக்குள்ள சிமெண்டுத் தொட்டி, அதுக்கு மேல சிமெண்டு மூடி, நாலு மூலையிலயும் போல்ட். தொட்டியைச் சுத்தி பாலித்தீன், அதைச் சுத்தி ஜல்லியும் மணலும். தண்ணி வந்தாலும் அந்தப் பக்கமா வடிஞ்சு போயிரும். இதுதான் மாடல் நாலு. சிமெண்டுப் பலகையெல்லாம் ஊத்திக் காய வச்சு, யாருக்கு முதல்ல போடலாம்னு பார்த்துக்கிட்டு இருந்தேன். அந்தக் கார்த்திகையிலதான் அமலிக்குக் காய்ச்சல் வந்தது.

அமலோற்பவம். நாலாம் வகுப்பு. எங்களுக்கு ஒரே பிள்ளை. மூளைக்காய்ச்சல்னாங்க. ஞாயித்துக்கிழமை பூசையில பாட்டுப் படிச்சவ, வியாழக்கிழமை இல்லை. சலேத்து விழுந்தவ எந்திரிக்கலை. நான் பட்டறைக்குப் போயிட்டேன். பெத்தவன் ஒரு சொட்டு கண்ணீர் விடலையேன்னு ஊர்ல இன்னைக்கும் பேசுவாங்க. அழுதுக்கிட்டு இருந்தா அளவு தப்பிப் போகும் அண்ணாச்சி.

குழி தோண்டுத சூசை வந்து பட்டறை வாசல்ல நின்னான். தண்ணி ஊறிக்கிட்டே இருக்கு, நானும் வாளியை வச்சு எறைச்சுக்கிட்டே இருக்கேன், சீக்கிரம் கொண்டு வாங்கன்னான். அமலிக்குத் தண்ணி ஆகாது. மழையில ரெண்டு சொட்டு உச்சியில பட்டா நாலு நாளைக்கு மூக்கு ஒழுகும், ராத்திரியெல்லாம் இருமுவா. பள்ளிக்கூடத்துக்குக் குல்லா போட்டுத்தான் அனுப்புவோம். குல்லா வேண்டாம்னு தெருமுனையில கழட்டிருவா, நான் பின்னாலயே போய் மறுபடியும் மாட்டிவிட்டு வருவேன். அவளை எப்படி அந்தத் தண்ணியில வைக்க?

சிமெண்டுப் பலகையை அவ அளவுக்கு அறுத்தேன். பெட்டிக்கு பைபர், ரப்பர், எல்லாம் ரெண்டு மடங்கு. போல்டுக்கு முக்கோணத் தலை வச்சேன், கடையில விக்கிற எந்த ஸ்பானரும் பிடிக்காது. அதுக்கு ஒரே ஒரு சாவி, நானே உலையில வச்சு அடிச்சது. குழியில இருந்த எங்கப்பா, எங்கம்மா எலும்பைப் பையில கட்டி, வழக்கப்படி பிள்ளை தலைமாட்டுல வைக்கச் சொன்னாங்க சொந்தக்காரங்க. ஈரப் பை, பெட்டிக்குள்ள வேண்டாம்னு தொட்டிக்கு வெளியில வைக்கச் சொல்லிட்டேன். சித்தப்பா கோவிச்சுக்கிட்டுப் போனார். போகட்டும். பெட்டியை நான் ஒருத்தனே தூக்கிட்டுப் போனேன். எட்டுப் பேரு வேண்டியிருக்கலை. நல்ல லேசா இருந்துது.

அதுக்குப் பொறவு மாடல் நாலுக்கு ஆர்டர் வரலை. விலை கூட, யாரும் கேட்கலை. நானும் யார்கிட்டயும் எடுத்துச் சொல்லலை. ஒண்ணே ஒண்ணுதான் செஞ்சது. ஆனா அந்த ஒண்ணுல ஒரு குறை கிடையாது. கல்லறைத் திருநாளைக்கு எல்லாரும் மெழுகுவத்தியும் பூவும் கொண்டு போவாங்க, நான் மட்டம் பார்க்கிற ரசமட்டமும் கொண்டு போவேன். மூடி மேல வச்சுப் பார்ப்பேன். இத்தனை வருஷத்துல ஒரு நூல் அளவுகூட இறங்கலை. சலேத்து பக்கத்துல உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கிட்டு இருப்பா. “பார்த்தியா, அப்படியே இருக்கு”ம்பேன். அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. அது சந்தோஷம்னுதான் நான் நினைச்சேன்.

தகராறு எங்க ஆரம்பிச்சுதுன்னா, வாத்தியார் சம்சாரம் டீச்சரம்மா போனப்ப. குழியைத் திறந்தாங்க. வாத்தியார் எலும்பை டீச்சரம்மா வலது கைப் பக்கம் வைக்கணும். ஆனா எலும்பு எங்க இருக்கு? பெட்டி இருக்கு. மேல இருந்த மண்ணைத் துடைச்சா பாலிஷ் தெரியுது. திரும்ப விக்கலாம், அப்படி இருந்துது. உடைக்கவும் மனசு வரலை, அது மேல இன்னொண்ணை வைக்க ஆழமும் இல்லை. கடைசியில டீச்சரம்மாவை ஹைவே பக்கம் புதுசா வாங்கின தோட்டத்துல தனியா வச்சாங்க. அன்னைக்கு வாத்தியார் மகன் என் சட்டையைப் பிடிச்சான். ஒரு தடவை மேல வந்தாருன்னு அடிக்க வந்தவன், இப்ப அசையாம இருக்காருன்னு அடிக்க வாரான். என்னதான் வேணும் இந்த மனுஷங்களுக்கு?

அதுக்குப் பின்னால ஒவ்வொரு வீட்டுலயும் இதே கதை. என் பெட்டி எங்கெங்க போச்சோ, அங்கெல்லாம் அடுத்த ஆளுக்கு இடம் இல்லை. புதுசா வந்த சாமியார் கிளாரன்ஸ் பாதர் கோயில்ல அறிக்கை வாசிச்சுட்டார், இனிமே மரப்பெட்டி மட்டும்தான், பைபர், சிமெண்டு எதுவும் தோட்டத்துக்குள்ள வரக் கூடாதுன்னு. சாம்பல் புதன் அன்னைக்கு எல்லாருக்கும் நெத்தியில சாம்பல் பூசி, “மண்ணாக இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய்”னு சொல்லிக்கிட்டு வாராரு. எங்கிட்ட வந்ததும் ரெண்டு தடவை சொன்னாரு. நான் வரிசையில நிக்கிறவன், என்ன பேச முடியும்? மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன், மாடல் நாலுல அது நடக்காது பாதர்னு.

சரி, ஊரு வேண்டாம்னா போகட்டும். நான் மரப்பெட்டியே செஞ்சுக்கிட்டு இருந்தேன். அப்பதான் சலேத்துக்கு மேலுக்கு முடியாம வந்தது. வயித்துல என்னமோ கட்டி. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். டாக்டர் நல்ல மனுஷன். பெருசா ஒண்ணும் சொல்லலை. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, கேட்டதெல்லாம் செஞ்சு குடுங்கன்னார். பத்தியமே வேண்டாம்னா தேறிட்டான்னுதான அர்த்தம்? நான் சந்தோஷமா ஆட்டோ பிடிச்சேன். இவ ஆட்டோவைத் துணிக்கடை வாசல்ல நிறுத்தச் சொல்லி, ஒரு மீட்டர் வெள்ளைத் துணி வாங்கிட்டு வரச் சொன்னா.

தலைகாணி உறைக்குன்னு நினைச்சேன். வீட்டுல வந்து நாலு நாளா உட்கார்ந்து கையாலேயே தைச்சா. ஓரத்துல நீல நூல்ல பூ. முடிச்சு மடியில வச்சுத் தடவிக்கிட்டு இருக்கா. அப்பதான் அது என்ன பைன்னு பார்த்தேன். தொழில்காரன் கண்ணு இல்லையா, வாய் சும்மா இருக்கலை. “சலேத்து, பை சின்னதா இருக்கு, இன்னும் ஒரு சாண் வேணும்”னேன். அவ நிமிர்ந்துகூடப் பார்க்கலை.

“ஒம்பது வயசுப் பிள்ளைக்கு இது போதும்”னா.

நான் அவ பக்கத்துல போய் உட்கார்ந்தேன் அண்ணாச்சி. பொறவு மெதுவா எடுத்துச் சொன்னேன். உனக்கு ஒண்ணும் இல்லை, டாக்டரே சொல்லிட்டார். அப்படியே ஏதாவதுன்னாலும், அது இருபது வருஷம் கழிச்சு. அப்பவும் ஹைவே பக்கம் நல்ல இடம் இருக்கு, காத்தோட்டமா இருக்கும், பஸ் வசதி உண்டுன்னேன். செத்த பொறவு பஸ்ஸுல எங்க போகப் போறேன்னு கேட்டா. நியாயந்தான். ஆனா அந்த மாதிரி எதிர்க் கேள்வி கேட்கிற ஆளே கிடையாது அவ. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் ஒண்ணு சொன்னா சரின்னுட்டுப் போறவ. இந்த ஒரு விஷயத்துல மட்டும் பிடிச்ச பிடி விடலை. அமலி இருக்கிற குழியிலதான் என்னை வைக்கணும், அவ எலும்பு என் நெஞ்சு மேல இருக்கணும்னுட்டா. நேரா சாமியார்கிட்டயும் போயிட்டா.

கிளாரன்ஸ் பாதர் வீட்டுக்கே வந்தார். காபி குடிச்சார். சாவியைக் குடுங்க வியாகப்பன், அந்த அம்மா ஆசையை நிறைவேத்தி வைப்போம்னார். சாவி இருக்கு, குடுக்க மாட்டேன்னேன். அப்ப கம்ப்ரஸர் வச்சு உடைக்க வேண்டியதுதான்னார். உடைச்சா உள்ள இருக்கிறதும் நொறுங்கிருமே, அதைத்தான் நெஞ்சு மேல வைக்கப் போறீங்களான்னேன். அவர் காபி டம்ளரை வச்சுட்டார். இது என் கையில இல்லை, ரெண்டு பேரும் ஆயர்கிட்ட போங்க, அவர் சொல்லுறதைக் கேட்போம்னு எந்திரிச்சுப் போயிட்டார். அந்தக் கதைதான் இன்னைக்கு இந்த பஸ்ஸுல வந்து நிக்கி.

ஏன் இவ்வளவு அடம் பிடிக்கீங்கன்னு நீங்களும் கேட்கீங்க. உங்க முகத்துல தெரியுது. எல்லாரும் கேட்கதுதான். தொழில் பேரு கெட்டுப் போகும், அது ஒண்ணு. கெட்டியா நிக்கும்னு செஞ்ச ஒரே சாமான், அதையும் நானே போய்க் கழட்டினா நாளைக்கு எவன் நம்புவான்? அது ஒண்ணு.

இன்னொண்ணும் இருக்கு. நான் மூடினப்ப அவ ரெட்டைச் சடை போட்டிருந்தா. சிவப்பு ரிப்பன். திருவிழாவுக்கு எடுத்த பச்சைப் பாவாடை. இடது கன்னத்துல கொசு கடிச்ச தடம். அதெல்லாம் அப்படியே இருக்குன்னு நினைச்சுத்தான் நான் காலையில எந்திரிக்கேன், கடையைத் திறக்கேன், சோறு திங்கேன். தண்ணி போகலை, காத்து போகலை, பொறவு என்ன ஆகியிருக்கும்? ஒண்ணும் ஆகியிருக்காது. திறந்தா பெட்டி நல்லா இருக்கும், அது எனக்குத் தெரியும். உள்ள என்ன இருக்கும்? பையில போட்டுக் கட்டுத மாதிரி இருக்கும்னா, அதை நான் பார்க்க மாட்டேன். என்னால ஆகாது அண்ணாச்சி. எனக்குப் பயமா இருக்கு.

சரி, அதை விடுங்க. டெக்னிக்கலாப் பார்த்தாலும் திறக்கக் கூடாது. ஒரு தடவை ரப்பரை எடுத்துட்டா மறுபடியும் அந்தப் பிடி பிடிக்காது.

மனுவா? எழுதியாச்சு. ரெண்டும் இந்தப் பையிலதான் இருக்கு. ரெண்டையும் நான்தான் எழுதினேன். அவளுக்கு ஊசி பிடிச்ச கை பேனா பிடிக்க மாட்டேங்குது. யாரையாவது கூப்பிட்டு எழுதச் சொல்லட்டான்னா. வெளியாளு எதுக்கு, நானே எழுதித் தாரேன்னேன். என் கட்சியை நாலு பக்கம் எழுதினேன், பின்பக்கம் படமும் போட்டு. அவ கட்சியை அவ சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு வார்த்தை கூட்டலை, ஒரு வார்த்தை குறைக்கலை. எதிரிக்கும் நியாயம் வேணும்லா.

அவளோடது சின்னது. அரைப் பக்கம். என் மகளை என்கூட வைக்கணும், நான் சாமியைத் தவிர வேற யார்கிட்டயும் ஒண்ணும் கேட்டதில்லை, இப்படி ரெண்டு மூணு வரி. முடிஞ்சுதான்னேன். இல்லை, இன்னும் எழுதுங்கன்னா. “என் வீட்டுக்காரரை யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. கம்ப்ரஸர் வைக்கக் கூடாது. அவரா திறந்தாத் திறக்கட்டும். திறக்கலைன்னா, அந்தக் கல்லறைக்கு மேலேயே என்னை வைக்கணும். எனக்குப் பெட்டி வேண்டாம், வெறும் மண்ணு போதும்.”

நான் பேனாவை வச்சுட்டேன். பெட்டிக்காரன் பொண்டாட்டி பெட்டி இல்லாமப் போனா ஊரு சிரிக்காதான்னு கேட்டேன். சிரிச்சாச் சிரிக்கட்டும்னா. மண்ணுல என்னத்துக்குடின்னேன். அதுக்கு அவ, யாரையும் பார்க்காம, ஜன்னலைப் பார்த்துச் சொன்னா. “பெட்டின்னா நான் அதுக்குள்ள கிடப்பேன், அவ இதுக்குள்ள கிடப்பா. வெறும் மண்ணுன்னா நானும் மண்ணாப் போயிருவேன். போயி உங்க சிமெண்டைச் சுத்திக் கிடந்துக்கிடுவேன். பிள்ளையை அணைச்சுக்கிட்ட மாதிரி இருக்கும்.”

அவளுக்கு டிசைன் தெரியாது, பாவம். அதனால நான் விளக்கிச் சொன்னேன். அப்படி ஆகாது சலேத்து, தொட்டியைச் சுத்தி பாலித்தீன் இருக்கு, அதுக்கு வெளிய ஒரு முழம் ஜல்லி, அதுக்கு வெளிய ஆத்து மணல், நல்ல அரிச்ச மணல், ஒரு பிடி மண்ணுகூடக் கிட்ட அண்டாதுன்னேன். அதுக்காகத்தான் அவ்வளவு கஷ்டப்பட்டதுன்னும் சொன்னேன்.

அவ திரும்பி என்னைப் பார்த்தா. கோவப்பட்டிருந்தா எனக்கு ஒண்ணுமில்லை. கோவப்படலை.

“அப்ப, நான் அவகிட்ட போக ஒரு வழியும் நீங்க வைக்கலையா”ன்னு கேட்டா.

தண்ணிக்கு யோசிச்சேன், கரையானுக்கு யோசிச்சேன், மிதக்காம இருக்க யோசிச்சேன், பக்கத்து வேப்பமரத்து வேருக்குக்கூட யோசிச்சு வச்சிருக்கேன். இதுக்கு யோசிக்கலை அண்ணாச்சி. நேத்தெல்லாம் பட்டறையில உட்கார்ந்து படம் போட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் மட்டும் சிமெண்டு இல்லாம விட்டு, மாடல் அஞ்சுன்னு ஒண்ணு. செய்யலாம். செய்ய முடியாதது ஒண்ணும் இல்லை. ஆனா அச்சு செய்யணும், ஊத்தணும், காயணும். அதுக்கெல்லாம் நாள் வேணும். அவகிட்ட அவ்வளவு நாள் இல்லை.

அந்தா, எந்திரிச்சுட்டா. ஸ்டாப் வந்துட்டு போல. கொஞ்சம் நகருங்க அண்ணாச்சி, அவளால படியில தனியா இறங்க முடியாது, நான் முன்னால போய்க் கீழ நின்னு பிடிக்கணும். கண்டக்டர் சார், ஆளு இறங்குது, கொஞ்சம் பொறுங்க.

இருங்க, இந்தாங்க. இந்த நாலு பக்கத்தையும் நீங்களே வச்சுக்கிடுங்க. எனக்கு வேண்டாம். ஒரே வீட்டுலேர்ந்து ரெண்டு மனு குடுத்தா ஆயர் என்ன நினைப்பாரு? நல்லாவா இருக்கும்? ஒண்ணு குடுத்தாப் போதும். பின்பக்கம் படம் இருக்கு, அளவெல்லாம் சரியா இருக்கும், யாருக்காவது உதவும். அவளோட அரைப் பக்கம் பையில இருக்கான்னு மட்டும் ஒரு தடவை பார்த்துக்கிடுதேன்.